கவாய்ஷி பிரெஞ்சு ஜூடோவை வளர்த்தாரா, வளைத்தாரா?

சேது_83
பிரெஞ்சு ஜூடோவின் தந்தை என்று ஜப்பானிய ஆசிரியர் கவாய்ஷி மிக்கினோசுகேயைத் தூக்கி வைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. 1935இல் பாரீஸுக்கு வந்தவர், ஜூடோவை உருவாக்கிய கனோ ஜிகோரோ டோக்கியோவில் தன் பள்ளியான கொடோகானில் வகுத்த பாடமுறையை ஓரமாக வைத்துவிட்டு எறிகளுக்கு 'கால் 1', 'இடுப்பு 2' என்று நம்பர் போட்டார், படிக்கு ஒரு நிறத்தில் பெல்ட் கொடுத்தார், மொத்தத்துக்கும் 'கவாய்ஷி முறை' என்று தன் பெயரையே வைத்தார். எதிராளி நகரும்போது அவன் நிலையைக் குலைத்து எறிவதுதான் ஜூடோவின் உயிர், அது பின்னால் போய்விட்டது. 1951இல் கொடோகானைச் சேர்ந்த அபே இச்சிரோ பிரான்ஸின் துலூஸ் நகருக்கு வந்து சொல்லிக்கொடுத்த பிறகுதான் பலருக்கு வித்தியாசமே தெரிந்தது.

மல்லிகா ரா
வண்ண பெல்ட்டை அவர் தலையில் கட்டாதீர்கள். லண்டனில் கொய்சுமி குன்ஜி 1918இல் ஆரம்பித்த புடோக்வாய் கிளப்பில் 1920களிலேயே அது உண்டு, கவாய்ஷியும் பாரீஸுக்கு முன் இங்கிலாந்தில் சொல்லிக்கொடுத்தவர்தான். நம்பர் போட்டதில் என்ன குற்றம்? வேலை முடிந்து சாயங்காலம் வருகிற, ஜப்பானிய மொழி ஒரு சொல்லும் தெரியாத பெரியவர்களுக்கு அது பிடிமானமாக இருந்தது. 1936இல் பாரீஸில் கிளப் தொடங்கிய மோஷே ஃபெல்டன்கிரைஸ், ஜோலியோ-க்யூரியின் ஆய்வகத்தில் இருந்த விஞ்ஞானி, 1933லேயே கனோவை நேரில் பார்த்துப் பேசியவர். அப்படிப்பட்டவர் கவாய்ஷியோடு சேர்ந்துதான் வேலை செய்தார்.

சேது_83
அந்த ஃபெல்டன்கிரைஸுக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லுங்கள். யூதர், 1940இல் ஜெர்மன் படை வந்தபோது இங்கிலாந்துக்குத் தப்பினார். ஜெர்மனியின் கூட்டாளி நாட்டுக்காரரான கவாய்ஷி பாரீஸிலேயே இருந்து வகுப்பு நடத்தினார். முதல் தேசிய சாம்பியன்ஷிப் 1943 மே மாதம், ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரீஸில் வாக்ராம் அரங்கில் நடந்தது. இதை விட்டுவிட்டு வளர்ச்சி என்று மட்டும் எழுதுவது நியாயமா?

மல்லிகா ரா
மறைக்க வேண்டாம், கட்டாயம் எழுத வேண்டும். ஆனால் அந்தப் போட்டியில் வென்ற ஜான் த ஹெர்த் 1951இல் ஐரோப்பிய சாம்பியனும் ஆனார். 1945இலிருந்து 1950 வரை ஜப்பானியப் பள்ளிகளில் ஜூடோவுக்கே தடை, அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் உத்தரவு. அதே காலத்தில்தான் பிரான்ஸில் 1946இல் ஜூடோ கூட்டமைப்பு, 1947இல் 'கல்லூரி' என்ற பெயரில் கறுப்பு பெல்ட்காரர்களின் சங்கம் எல்லாம் வந்தன. அந்த அடித்தளம் யாருடைய மாணவர்கள் போட்டது?

கரிகாலன்
நீங்கள் இருவரும் உத்தியைப் பற்றியே பேசுகிறீர்கள், என் பார்வையில் சண்டை அதற்காக நடக்கவில்லை. டான் என்ற கறுப்பு பெல்ட் தரத்தை யார் கொடுப்பது, அதை வைத்து யார் கிளப் நடத்திச் சம்பாதிப்பது என்பதுதான் விஷயம். 1954இல் கொடோகான் பக்கம் நின்றவர்கள் தனிச் சங்கமாகப் பிரிந்தார்கள். அடுத்த வருடமே, 1955 நவம்பரில், ஜூடோ சொல்லிக்கொடுக்கும் தொழிலை முறைப்படுத்த பிரெஞ்சு நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டது, அரசு டிப்ளமா கட்டாயம் ஆனது. ஒரு தற்காப்புக் கலைக்காக நாடாளுமன்றம் சட்டம் போடும் அளவுக்குப் போனதென்றால் அதில் எவ்வளவு பேரின் பிழைப்பு கலந்திருக்கும்! 1956இல் இரண்டு பக்கமும் ஒன்றாயின.

சேது_83
பணமும் பதவியும் இருந்தது சரி. ஆனாலும் உத்தி வித்தியாசம் வெறும் சாக்கு என்று நான் ஏற்க மாட்டேன். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பானின் காமினாகாவை வென்ற டச்சுக்காரர் ஆண்டன் ஹேசிங்கைத் தயார் செய்தவர் பிரான்ஸின் போர்தோ நகரில் குடியிருந்த மிச்சிகாமி ஹாக்கு. 1953இல் ஜப்பானிலிருந்து வந்தவர், கவாய்ஷி முறைக்காரர் இல்லை.

மல்லிகா ரா
ஹேசிங்க் ஒருவர். இன்று பிரான்ஸில் கூட்டமைப்பின் ஜூடோ உறுப்பினர் உரிமம் வைத்திருப்பவர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல், ஜப்பானியக் கூட்டமைப்பில் பதிவானவர்களைவிட அதிகம். அவர்களுடைய பிள்ளைகள் முதல் நாள் கட்டுவது வெள்ளை, அப்புறம் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை. அபே 1953லேயே பெல்ஜியம் போய்விட்டார், சேது. ஊர் ஊராக இருந்த கிளப்புகளைத் தொடர்ந்து நடத்தியவர்களில் பெரும்பாலோர் யாரிடம் கற்றவர்கள் என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.