யோசனை பிறந்த சந்திப்பு, யோசனை தவறிப்போன சந்திப்பு: அனுபவப் பகிர்வு

கணக்குமேசை:

தொழில் தொடங்குவதற்கான புதிய யோசனைகளை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி வளர்ப்பது என்று நாம் ஏற்கெனவே நிறையப் பேசிவிட்டோம். இந்த முறை வழிமுறைகளைத் தள்ளி வைத்துவிட்டு, இன்றுவரை உங்களை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரே ஒரு சந்திப்பை மட்டும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உதிரிபாக வணிகர்களுக்கான இருப்புக் கணக்குச் செயலி ஒன்றை 8 மாதம் உழைத்து உருவாக்கினேன். தொடங்குவதற்கு முன் 40 பேரைச் சந்தித்து, இப்படியொரு செயலி வந்தால் பயன்படுத்துவீர்களா என்று கேட்டதில் 36 பேர் கட்டாயம் பயன்படுத்துவோம் என்றார்கள். வெளியிட்ட பிறகு பணம் கட்டியவர்கள் 2 பேர், அவர்களில் ஒருவர் என் உறவினர். முதல் சந்திப்பில் என்னை வெகுவாகப் பாராட்டிய ஒரு வணிகரிடம் மறுபடியும் போய், அவருடைய கைபேசியிலேயே செயலியை நிறுவிக் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார், கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். பிறகு ரப்பர் பேண்ட் சுற்றிய ஒரு நீள நோட்டை இழுத்து, அப்போதுதான் விற்றுப்போன இரண்டு பேரிங்குகளை அதில் எழுதிக்கொண்டார்.

செயலி தோற்றதுகூட எனக்குப் பெரிய வருத்தமில்லை. அதே நோட்டு, அதே ரப்பர் பேண்டோடு, முதல் சந்திப்பின்போதும் என் முழங்கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அதைத் திறந்து காட்டுங்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

மரவேலை:

எங்களுடையது பிரித்து அனுப்பி, வாங்குபவரே பூட்டிக்கொள்ளும் மேசை, அலமாரிகளைச் செய்யும் சிறிய நிறுவனம். திருகாணி குறைகிறது என்ற புகார் ஓயாமல் வந்துகொண்டிருந்ததால், 7 பேர் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பிரைன்ஸ்டார்மிங், அதாவது எல்லோரும் கூடி மனதில் பட்ட யோசனைகளை எல்லாம் சொல்லும் கூட்டம், நடத்தினோம். பேசியவர்கள் மூன்று பேர், அதில் மிக அதிகமாகப் பேசியவன் நான். பலகை நிறைய எழுதிவிட்டோம் என்ற திருப்தியோடு கலைந்தோம். விளக்கை அணைக்கப் போனபோது, வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்த ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கீழே நான்காக மடித்த ஒரு தாள் கிடந்தது. வழிகாட்டித் தாளின் ஓரத்தில் ஒவ்வொரு திருகாணியின் உருவத்தையும் உண்மை அளவிலேயே அச்சிட்டுவிடலாம், வாங்குபவர் திருகாணிகளை அந்தப் படங்களின்மேல் வைத்துப் பார்த்தால் எது இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்துவிடும் என்று அதில் எழுதி, ஒரு சிறு படமும் போட்டிருந்தார்.

அதைத்தான் செய்தோம். வந்த புகார்களில் பெரும்பாலானவை திருகாணி குறைந்ததால் வந்தவை அல்ல, ஒன்றை இன்னொன்றாக நினைத்து மாற்றிப் பூட்டியதால் வந்தவை என்பது அதற்குப் பிறகுதான் எங்களுக்கே புரிந்தது. அந்த இளைஞர் இரண்டே மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார். அறையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்கள் நிறுத்தவே இல்லையே, சார்" என்றார்.

இதை ஆய்வாளர்கள் வெகு காலத்துக்கு முன்பே கண்டுவிட்டார்கள் என்பதைப் பின்னர் படித்தேன். 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையில், நான்கு பேர் கூடிப் பேசிச் சொன்ன யோசனைகளைவிட, நான்கு பேர் தனித்தனியே எழுதியவற்றைத் தொகுத்தபோது கிடைத்தவை அதிகமாக இருந்தன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருப்பதும், காத்திருக்கும் நேரத்தில் தன் யோசனையைத் தானே மறந்துவிடுவதோ தள்ளுபடி செய்துவிடுவதோ நடப்பதும் முக்கியமான காரணம் என்று 1987-இல் டீல், ஸ்ட்ரோபே என்ற இருவர் காட்டினார்கள். பிரைன்ஸ்டார்மிங் என்பது வாயாடிகளுக்கான ஏற்பாடு என்பதே என் முடிவு.

பழைய விளம்பரக்காரன்:

மரவேலை நண்பரே, உங்கள் தவறுக்கு முறையைப் பழிக்காதீர்கள். பிரைன்ஸ்டார்மிங்கைப் பரப்பியவர் அலெக்ஸ் ஆஸ்பர்ன் என்ற விளம்பரத் துறைக்காரர், 1953-இல் அதை நூலாகவும் விரிவாக எழுதினார். அவர் வைத்த விதிகள் நான்குதான்: வந்த யோசனையை அங்கேயே குறை சொல்லக் கூடாது, எண்ணிக்கை பெருக வேண்டும், விபரீதமான யோசனையையும் வரவேற்க வேண்டும், ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்து வளர்க்க வேண்டும். தனியாக யோசிப்பதும் கூடி யோசிப்பதும் மாறி மாறி நடக்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதே. முதலாளியே பலகைக்கு முன்னால் நின்று ஒன்றரை மணி நேரம் பேச வேண்டும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

என் அனுபவம் சிறியது. ஒரு கூட்டத்தில் ஒருவர் சொன்ன யோசனையைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். கேலியாகக்கூட இல்லை, உண்மையாகவே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு 20 நிமிடம் யாருமே புதிதாக எதையும் சொல்லவில்லை. அந்த 20 நிமிட அமைதி இன்னும் என் காதில் இருக்கிறது.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். பெர்ண்ட் ரோர்பாக் என்பவர் 1968-இல் முன்வைத்த 6-3-5 முறையைப் பயன்படுத்திப் பாருங்கள். 6 பேர், ஆளுக்கு 3 யோசனை, 5 நிமிடம், வாய் திறக்காமல் தாளில் எழுத வேண்டும். நேரம் முடிந்ததும் தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ள வேண்டும், அவர் படித்துவிட்டு அதன் கீழே தன்னுடைய மூன்றை எழுத வேண்டும். ஆறு சுற்றும் முடிய அரை மணி நேரம் ஆகும், 108 யோசனைகள் சேரும். 108-ம் தேறாது, அதில் பாதி பழையதும் திரும்பச் சொன்னதுமாக இருக்கும், ஆனால் முதலாளியின் தாளும் புதியவரின் தாளும் ஒரே சுற்றில் போய்விடுகின்றன என்பதே பெரிய லாபம். இரண்டாவதாக, கேள்வியைக் குறுக்குங்கள். "விற்பனையை எப்படிக் கூட்டலாம்" என்று கேட்டால் மேடைப் பேச்சுதான் வரும், "முதல் முறை வாங்கியவர் ஏன் இரண்டாவது முறை வரவில்லை" என்று கேட்டால் பதில் வரும். மூன்றாவதாக, தேர்ந்தெடுக்கும் வேலையை அன்றே செய்யாதீர்கள். ஓர் இரவு போகட்டும், மறுநாள் அதே தாள்களை எடுத்தால் முந்தின நாள் பளபளத்தவற்றில் பல மங்கிப்போயிருக்கும். நான்காவதாக, கூட்டத்தை நடத்துபவருக்கு அந்த விஷயத்தில் சொந்த யோசனை எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் அவர் நடுவராக இருக்க மாட்டார், ஆட்டக்காரராகிவிடுவார். நீங்கள் செய்தது இதுதான், ஐயா.

வெட்டிய விரல்:

மேலே இருப்பவர் தன் கதைக்கு ஒரு பத்தியும் அறிவுரைக்கு அதைவிடப் பெரிய பத்தியும் எழுதியிருக்கிறார். நான் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கிடங்குகளில் பயன்படும் பார்கோடு கருவிகளைச் செய்து தருகிறோம். ஒரு குளிர்பதனக் கிடங்கிலிருந்து தொடுதிரை வேலை செய்யவில்லை என்று புகார் வந்துகொண்டே இருந்தது, மென்பொருளை மூன்று முறை மாற்றினோம். கடைசியில் நானே போய் ஒரு நாள் முழுவதும் அங்கே நின்றேன். கதவோரத்தில் ஒரு தகர டப்பா நிறையக் கையுறைகளின் விரல் நுனிகள் கிடந்தன, எல்லாம் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். தடித்த கையுறையோடு திரையைத் தொட முடியாததால், புதுக் கையுறை வந்தவுடனே அந்த இரண்டு விரல்களையும் கத்தரித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்களாம். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். "ரெண்டு வருஷமா வெட்டுறோம், நீங்கதான் முதல்ல கேக்குறீங்க" என்றார் ஒருவர். அவருடைய ஆள்காட்டி விரலின் நுனி வெளுத்து, தோல் உரிந்திருந்தது.

அடுத்த கருவியில் திரைக்குக் கீழே நான்கு பெரிய பொத்தான்களை வைத்தோம். அது இப்போது எங்கள் மற்ற எல்லாக் கருவிகளையும்விட நன்றாக விற்கிறது. தேவை மற்றவர்களுக்கு வருவதற்கு முன்பே யாருக்கு வந்துவிட்டதோ, அவர்கள் தங்களுக்கென்று ஒரு தற்காலிக ஏற்பாட்டைச் செய்துகொண்டிருப்பார்கள், உற்பத்தியாளர் அவர்களைத் தேடிப் போக வேண்டும் என்று எரிக் வான் ஹிப்பல் என்ற ஆய்வாளர் 1986-இல் எழுதினார். அப்படிப்பட்டவர்களை முன்னோடிப் பயனர்கள் என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் தெரிந்தே இருந்தது என்பதுதான் வெட்கம். நான் தேடிய முன்னோடிப் பயனர்கள் எல்லாம் கண்காட்சிகளில் அட்டை கொடுப்பவர்களாக இருந்தார்கள்.

எனவே கணக்குமேசை அவர்களே, இனி யாரைச் சந்தித்தாலும் கட்டியது, ஒட்டியது, வெட்டியது, கையால் எழுதி வைத்தது என்று எது கண்ணில் பட்டாலும் அதைக் கேளுங்கள்.

பூச்சுக்காரர்:

மரத்துக்கு வார்னிஷ் காய்ச்சுகிறோம். ஒரு கலவை காயவே மாட்டேன் என்று அடம்பிடித்தது, 60 லிட்டரையும் கழிவாக அனுப்பினேன். அடுத்த வாரம் வார்ப்பு அச்சு செய்யும் ஒருவர் வந்து, "சீக்கிரம் காயாத பூச்சு ஏதாவது உங்களிடம் உண்டா? திருத்துவதற்கு எனக்கு நேரம் வேண்டும்" என்றார். அதை நான் கொட்டிவிட்டேன் என்று அவரிடம் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. கலவை விகிதத்தையும் குறித்து வைக்கவில்லை.

ஒட்டவும் பிரித்தெடுக்கவும் முடிகிற போஸ்ட்-இட் குறிப்புத் தாளின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் 1968-இல் கண்ட பசை, ஒட்டியும் ஒட்டாமலும் இருந்ததால் எதற்கும் உதவாததாகத் தெரிந்தது. 1974-இல் அதே நிறுவனத்தின் ஆர்ட் ஃப்ரை தன் பாடல் புத்தகத்திலிருந்து அடையாளச் சீட்டுகள் நழுவி விழுவதைப் பார்த்து அந்தப் பசையை நினைத்தார், 1980-இல்தான் அது அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது. யோசனை வந்த விதத்தைத்தான் எல்லோரும் வியக்கிறார்கள். அந்தப் பசையை சில்வர் ஆறு வருடமாகத் தூக்கிப் போடாமல், கண்டவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டே இருந்ததைத்தான் நான் வியக்கிறேன். இப்போது எங்களிடம் தோற்றுப்போன கலவைகளுக்கென்றே ஒரு பதிவேடு இருக்கிறது, விகிதம், தேதி, எப்படித் தோற்றது என்ற மூன்றையும் எழுதுகிறோம்.

வாய் திறக்காதவன்:

யோசனையைத் திருடிவிடுவார்கள் என்று 11 மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். ஒரு கண்காட்சியில் காப்பிக்காக வரிசையில் நின்றபோது, முன்னால் நின்றவர் தானாகவே பேச்சுக் கொடுத்தார். நான் செய்துகொண்டிருந்த அதே பொருளை அவர் மூன்று வருடத்துக்கு முன்பே செய்து, கைவிட்டிருந்தார். பேட்டரி ஏன் தாங்காது, பழுதுபார்க்க ஏன் ஆள் கிடைக்காது, வாங்கியவர்கள் ஏன் திருப்பித் தந்தார்கள் என்று வரிசை நகர்வதற்குள் பத்தே நிமிடத்தில் சொல்லி முடித்தார். "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டார். கணினி வேலை என்று சொல்லிவிட்டேன்.

முன்பணம்:

எல்லோரும் கவனிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். வெட்டிய விரல் அவர்களின் கதை அருமை, ஆனால் கவனித்தால் மட்டும் போதும் என்ற எண்ணத்தை அது தந்துவிடக் கூடாது. நான் கவனித்தேன், ஒரு குறையைக் கண்டேன், அழகான மாதிரியும் செய்தேன், அந்தக் குறையோடு வாழ்வதே தங்களுக்குச் சௌகரியம் என்று சொல்லிவிட்டார்கள். குறை இருப்பது வேறு, அதைத் தீர்க்கப் பணம் எடுத்து வைப்பது வேறு. "வாங்குவீர்களா?" என்ற கேள்விக்கு ஆம் என்பது மரியாதைக்காக வரும் பதில். அதற்குப் பதிலாக, "கடைசியாக இந்தச் சிக்கல் எப்போது வந்தது, அன்று என்ன செய்தீர்கள், அதற்கு எவ்வளவு செலவானது?" என்று கேட்க வேண்டும். செலவே செய்யாதவர் உங்களுக்கும் செலவு செய்ய மாட்டார்.

1999-இல் நிக் ஸ்வின்மர்ன் இணையத்தில் காலணி விற்க நினைத்தபோது, சரக்கு எதையும் வாங்கி அடுக்கவில்லை. காலணிக் கடைகளுக்குப் போய்ப் படம் எடுத்து இணையத்தில் போட்டார், ஆர்டர் வந்தால் அந்தக் கடையிலேயே முழு விலை கொடுத்து வாங்கி அனுப்பினார். ஒவ்வொரு விற்பனையிலும் நஷ்டம்தான், ஆனால் பார்க்காமலே, போட்டுப் பார்க்காமலே காலணி வாங்குவார்களா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தது. அதுதான் பின்னர் ஸாப்போஸ் என்ற இணையக் காலணிக் கடை ஆனது. கணக்குமேசை அவர்களே, உங்கள் 40 பேரில் ஒருவரிடமாவது சிறிய முன்பணம் கேட்டிருந்தால் 8 மாதம் மிஞ்சியிருக்கும்.

கணக்குமேசை:

முன்பணம் அவர்களே, நீங்கள் சொல்வது சரி, வலிக்கிறது. ஆனால் அந்தச் செயலிக்கு முன்பணம் கேட்டிருந்தால் தரமாட்டேன் என்ற பதில் மட்டுமே கிடைத்திருக்கும், எதைச் செய்ய வேண்டும் என்பது தெரிந்திருக்காது.

இந்தப் பதிவுகளைப் படித்த பிறகு நேற்று அதே வணிகரிடம் போனேன். செயலியைப் பற்றிப் பேசவில்லை, நோட்டைப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டேன். சிறிது யோசித்துவிட்டு ரப்பர் பேண்டைக் கழற்றினார். நான் நினைத்ததுபோல் அது இருப்புக் கணக்கு அல்ல. பாதிப் பக்கங்களுக்குமேல், பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று பழுதுபார்ப்பவர்கள் பணம் கொடுக்காமல் எடுத்துப்போன பாகங்களின் பட்டியலாக இருந்தது. ஒவ்வொரு வரியிலும் பாகம், எடுத்தவரின் பட்டப்பெயர், நாள். திரும்பி வந்தவற்றின்மேல் ஒரு கோடு. நான் செய்த செயலியில் ஒரு பாகம் இருக்கும் அல்லது விற்றிருக்கும், இரண்டுக்கும் நடுவில் வெளியே போயிருப்பதற்கு இடமே கிடையாது.

சில வரிகளைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். அது எதற்கு என்று கேட்டேன். "அதை இப்படி நின்றுகொண்டே சொல்ல முடியாது" என்று நோட்டை மூடிவிட்டார். வியாழக்கிழமை, கடை மூடும் நேரத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்.