மறு: டயபாஸ் என்பதற்குத் தமிழ்ச் சொல் – ‘முன்னொடுக்கம்’ ஏன்?

நண்பர்களுக்கு வணக்கம். நெருக்கடி வருமுன்பே ஓர் உயிர் தன் வளர்ச்சியை நிறுத்திக்கொள்வதை டயபாஸ் (diapause) என்கிறார்கள். அதற்கு ‘முன்னொடுக்கம்’ என்ற சொல்லை நான் முன்வைத்திருந்தேன். குட்டைகளில் வாழும் நீர்த்தெள்ளு என்ற மிகச் சிறிய உயிரின் முட்டையை எடுத்துக்காட்டாகக் கொண்டு வந்த மறுமொழிகளுக்கு இது என் பதில்.

> ‘உறக்கம்’ என்றே வைத்துவிடலாமே. விதை உறக்கம் என்று வேளாண் நூல்களில் ஏற்கெனவே இருக்கிறது. நீர்த்தெள்ளு முட்டைக்கும் அதுவே போதும்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து எழுதிய ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். பொதுப்பெயராக ‘உறக்கம்’ இருக்கட்டும். ஆனால் அதற்குள் இரண்டு வேறு நிகழ்வுகள் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே பெயர் இட்டால் களத்தில் தவறான முடிவுக்கு வருவோம்.

ஐயாவின் ஊரிலேயே பார்க்கலாம். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீரை நிறுத்திய பிறகு வயல் நண்டு வரப்பு வளைக்குள் ஆழமாக இறங்கிவிடுகிறது. வயல் காய்ந்தது, நண்டு அடங்கியது. மறுபடி தண்ணீர் பாய்ந்தால் வெளியே வந்துவிடும். நெருக்கடி முதலில், அடங்குதல் பிறகு. இது குவையசென்ஸ்.

நீர்த்தெள்ளு, அதாவது டாஃப்னியா, செய்வது வேறு. குட்டையில் நீரும் பாசியும் நிறைந்திருக்கும் வரை பெண் தெள்ளுகள் ஆண் துணையின்றியே பெண்களை ஈன்றுகொண்டிருக்கும். கூட்டம் பெருகி, இரை குறைந்து, பகற்பொழுதும் சுருங்கினால் போக்கு மாறுகிறது. ஆண்கள் பிறக்கின்றன. இணைசேர்ந்து உண்டாகும் முட்டைகள், பெரும்பாலும் இரண்டிரண்டாக, கருநிறத் தடித்த கூட்டுக்குள் வைக்கப்படுகின்றன. அப்போதும் குட்டையில் தண்ணீர் இருக்கிறது! வறட்சி இன்னும் வரவில்லை. வரப்போவதன் அறிகுறிகளைக் கொண்டே அந்த உயிர் ஆயத்தமாகிவிடுகிறது. உள்ளே கருவின் வளர்ச்சி தானாகவே நிற்கிறது. வெறும் தண்ணீர் அதை எழுப்பாது. இனத்துக்கு ஏற்ப வெளிச்சமோ, வெப்பநிலை மாற்றமோ, ஒருமுறை காய்ந்து நனைவதோ வேண்டும். இதுதான் டயபாஸ்.

வருமுன் ஒடுங்குவது என்பதால் ‘முன்னொடுக்கம்’ என்றேன். வந்தபின் ஒடுங்கும் குவையசென்ஸுக்குப் ‘பின்னொடுக்கம்’. இணையாக நிற்கும்போது இரண்டும் ஒன்றையொன்று விளக்கிவிடுகின்றன.

> ஒடுக்கம் என்றால் ஒடுக்குமுறைதான் நினைவுக்கு வருகிறது. ‘உறைநிலை’ நன்றாக இல்லையா?

சேலத்து அம்மாவுக்கு: உறைநிலை என்பது இயற்பியல் பாடநூலில் நீர் பனிக்கட்டியாகும் வெப்பநிலை. குளிர்நாட்டு ஏரிகளின் தெள்ளுகளைப் பற்றி எழுதும்போது இரண்டு பொருளும் ஒரே வாக்கியத்தில் மோதும். ஒடுக்குமுறையில் இருப்பது பிறரை ஒடுக்குதல். இங்கே இருப்பது தானே ஒடுங்குதல். இந்தப் பொருளில் ஒடுக்கம் மிகப் பழைய சொல். ‘ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து’ என்ற குறளைப் பாருங்கள். தாக்குவதற்காகப் பின்வாங்கி நிற்கும் போர்க்கடாவின் நிலை அது. குறள் வரும் அதிகாரம் காலமறிதல். தெள்ளின் முட்டைக்கு இதைவிடப் பொருந்தும் சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்த வேறுபாட்டை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் நொய்யல். சாயக்கழிவு கலந்த ஆற்றிலும் அதன் குளங்களிலும் என்ன உயிர் மிஞ்சியிருக்கிறது என்று மாணவர்கள் சேறெடுத்துப் பார்க்கிறார்கள். சேற்றில் நல்ல தண்ணீர் ஊற்றி ஒரு வாரம் வைத்து, எதுவும் பொரிக்கவில்லை என்றால் ‘முட்டைகள் இறந்துவிட்டன’ என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. பின்னொடுக்கத்தில் கிடந்த முட்டையானால் அது நியாயமான ஐயம். முன்னொடுக்கத்தில் கிடப்பதானால், எழுப்பும் தூண்டலே கிடைக்காத முட்டையை இறந்ததாக எழுதிவிடுகிறோம். இருட்டில் வைத்திருந்தார்களா, சேற்றை உலர்த்தி நனைத்தார்களா, தண்ணீரின் உப்பு எவ்வளவு என்று கேட்க வேண்டும். உப்பு கூடினால் நன்னீர் இனங்களின் பொரிப்பு குறையும். முன்னொடுக்கம் என்ற சொல் அறிக்கையில் இருந்தால் இந்தக் கேள்விகள் தாமாகவே எழும்.

சேற்றில் முட்டை எத்தனை காலம் தாங்கும் என்று ஒருவர் கேட்டிருந்தார். 1995-இல் சூழலியலாளர் நெல்சன் ஹேர்ஸ்டனும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் ஏரிச் சேற்றிலிருந்து எடுத்த கோப்பிபாட் என்னும் நுண்ணிய நீருயிரின் முட்டைகளில் சில 300 ஆண்டுகளுக்கு மேல் பழையவை, அவற்றையும் பொரிக்கவைத்தார்கள். நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது 1992-இல். முட்டையின் கணக்கில் அது நேற்று. எனவே கொங்குக் குளங்களைத் தூர்வாரும்போது வண்டல் முழுவதையும் வழித்தெடுத்துக் காட்டுக்கு ஏற்றிவிடக் கூடாது. ஓர் ஓரத்தை விட்டுவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பொரிக்கக்கூடிய முட்டைகள் பெரும்பாலும் மேல் சில சென்டிமீட்டர் சேற்றில்தான் இருக்கும்.

ஒரு நுணுக்கத்தையும் சேர்க்கிறேன். முன்னொடுக்கம் முடிந்த முட்டைக்கும் தண்ணீர் வராமல் போகலாம். அப்போது அதே முட்டை பின்னொடுக்கத்தில் கிடக்கும். ஆகவே இவை முட்டையின் வகைப்பெயர்கள் அல்ல, நிலைப்பெயர்கள். ‘முன்னொடுக்க முட்டை’ என்று எழுதாமல் ‘முன்னொடுக்கத்தில் உள்ள முட்டை’ என்று எழுதுவதே சரி. வானம் பார்த்த குட்டைகளில் மல்லாந்து நீந்தும் ஸ்ட்ரெப்டோசெஃபாலஸ் இறால்களின் முட்டைகள் முதல் மழைக்கே எல்லாம் பொரித்துவிடுவதில்லை. மானாவாரிக்காரர் விதையில் ஒரு பங்கை மறுமழைக்கு வைத்திருப்பதுபோல, ஒரு பகுதி அடுத்த நனைவுக்கும் அதற்கடுத்ததற்கும் காத்திருக்கும். ஒரே கைப்பிடிச் சேற்றில் இரண்டு நிலைகளும் கலந்திருக்கும்.

மற்றவை சுருக்கமாக. தெள்ளின் முட்டைகளைப் பொதிந்திருக்கும் அந்தக் கருநிறக் கூட்டுக்கு, அதாவது எஃபிப்பியத்துக்கு, ‘சேணக்கூடு’ என்று ஈரோட்டு நண்பர் தந்ததை அப்படியே ஏற்கலாம்; கிரேக்க மூலமும் சேணம்தான், உருவமும் ஒத்துப்போகிறது. சேற்றிலுள்ள முட்டைத் தொகுதிக்கு ‘முட்டை வங்கி’ போதும். விதை வங்கி எல்லோருக்கும் பழகிவிட்டது.

‘பின்னொடுக்கம்’ பற்றி மட்டும் எனக்கு இன்னும் முழு நிறைவில்லை. பின்னோக்கி ஒடுங்குதல் என்று சிலர் படிக்கக்கூடும். வேறு சொல் தருபவர்கள் அதை வயல் நண்டுக்கும் தெள்ளு முட்டைக்கும் ஒவ்வொரு வாக்கியத்தில் வைத்து எழுதி அனுப்புங்கள்.