'தியாகச் சிகரம்' இரவல் வேண்டும் (பினாங்கு)

வணக்கம். பட்டர்வொர்த்தில் அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். பக்கத்துப் படுக்கை அக்காவோடு கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலைப் பற்றி, வந்தியத்தேவனா, ஆழ்வார்க்கடியானா என்று பேச ஆரம்பித்துவிட்டால் நேரம் போவதே தெரியாது. பூங்குழலியை யாராவது குறை சொன்னால் அம்மாவுக்குக் கோபமே வந்துவிடும்!

நான்காம் பாகமான 'மணிமகுடம்' இந்த வாரம் முடிகிறது. ஐந்தாம் பாகமான 'தியாகச் சிகரம்'தான் கையில் இல்லை. லிட்டில் இந்தியாவில் கேட்டேன், முழுத் தொகுப்பாகத்தான் தருவார்களாம். இணையத்தில் இலவசமாக இருக்கிறது, ஆனால் கைப்பேசி எழுத்து அம்மாவின் கண்ணுக்கு ஆகவில்லை. ஒரு கையில் ஊசி, அதனால் தடித்த புத்தகமும் பிடிக்க முடியாது. ஒலிநூல் போட்டால் இருவர் பேச்சும் நின்றுவிடுகிறது.

தீவிலோ செபராங் பிறையிலோ யாராவது ஐந்தாம் பாகத்தை மட்டும் ஒரு மாதம் இரவல் தர முடியுமா?