இஷிகுரோவை எந்த அலமாரியில் வைப்பது?

அலமாரிக்காரன்:
வணக்கம். எங்கள் குடியிருப்பில் சின்னதாக ஒரு வாசகசாலை நடத்துகிறோம். போன வாரம் புத்தகங்களைப் பிரித்து அடுக்கும்போது கசுவோ இஷிகுரோவில் வந்து மாட்டிக்கொண்டேன். நான் ஜப்பானிய எழுத்தாளர் முரகாமிக்குப் பக்கத்தில் வைத்தேன், நண்பர் ஒருவர் பேசாமல் எடுத்து ஆங்கிலப் பக்கம் வைத்துவிட்டார். பேரும் முகமும் ஜப்பான், எழுதுவது ஆங்கிலம். அவர் தன்னை என்னவாக நினைக்கிறார்? படித்தவர்கள் சொல்லுங்கள்.

தேயிலைவாசம்:
உங்கள் நண்பர் செய்ததுதான் சரி. 1954இல் நாகசாகியில் பிறந்தார், ஐந்து வயதில் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். அப்பா கடலியல் விஞ்ஞானி. கொஞ்ச காலம் வேலை பார்க்கலாம் என்று கில்ஃபோர்டுக்கு வந்த குடும்பம், அடுத்த வருஷம் ஊருக்குப் போய்விடலாம் என்று சொல்லிச் சொல்லியே அங்கே தங்கிவிட்டது. ஜப்பானிலேயே அவர் பெயரை கத்தகானாவில்தான் அச்சடிக்கிறார்கள், வெளிநாட்டுப் பெயர்களுக்கு வைத்திருக்கும் எழுத்து அது. அவர்களே வெளியாள் கணக்கில் வைத்தபிறகு நமக்கென்ன?

மழைநாள்:
அவ்வளவு லேசாக முடித்துவிடாதீர்கள். 2017 நோபல் உரையைத் தேடிப் படியுங்கள். அவருக்குச் சின்ன வயதில் மாதாமாதம் ஜப்பானிலிருந்து ஒரு பார்சல் வருமாம், போன மாதத்துக் காமிக்ஸ், பத்திரிகைகள் எல்லாம் அதில் இருக்கும். வெளியே பள்ளிக்கூடம், சர்ச் பாட்டுக்குழு என்று ஆங்கிலப் பையன், வீட்டுக்குள் வந்தால் ஜப்பானியப் பேச்சு. அந்தப் பார்சல்களையும் பெற்றோர் சொன்ன கதைகளையும் வைத்து மனதுக்குள் ஒரு ஜப்பானைக் கட்டிக்கொண்டார். விமானம் ஏறினால் போய்ச் சேர முடியாத ஊர் அது, வயது ஏற ஏற மங்கிக்கொண்டும் வந்தது. முழுசாக அழிவதற்குள் எழுதிவைக்க வேண்டும் என்ற தவிப்பில் வந்ததுதான் 1982இல் முதல் நாவல். விமர்சகர்கள் அதைப் போய் ஜப்பானைப் பற்றிய தகவல் அறிக்கை மாதிரி படித்தார்கள்! 1989இல் புக்கர் பரிசு வாங்கிய மூன்றாவது நாவலில் பார்த்தால் ஜப்பானே இல்லை, ஒரு ஆங்கிலேய பட்லர், அதாவது பெரிய பங்களாவின் தலைமைப் பணியாள். ஆனால் இரண்டாவது நாவலில் வரும் கிழ ஓவியரும் இந்த பட்லரும் எனக்கு ஒரே ஆள்தான். தப்பான பக்கம் நின்று உழைத்துவிட்டு, வயதான காலத்தில் அதை ஒத்துக்கொள்ள வராமல் சுற்றிச்சுற்றிப் பேசுகிறவர்கள். ஒரே புத்தகத்தைத்தான் மூன்று முறை எழுதினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

தேயிலைவாசம்:
பார்சல் விஷயம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன்.

பாதிப்பக்கம்:
மொழியை யாரும் தொடவில்லையே. அந்த ஓவியர் கதையில் எல்லோரும் பேசுவது ஜப்பானியம், எழுதியிருப்பது ஆங்கிலம். அதனால் சரளமாக ஓடக்கூடாது, சினிமாவுக்குக் கீழே ஓடும் சப்டைட்டில் மாதிரி, பின்னால் வேறொரு மொழி இருப்பது தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்த விறைப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் மொழிபெயர்ப்பில் தொலைந்துபோகும் என்று சிலேடையையும் பிராண்ட் பெயர்களையும் தவிர்ப்பதாக அவர் சொல்வதில்தான் எனக்கு மனத்தாங்கல். உப்புக் குறைத்த சமையல் மாதிரி. எல்லா ஊர்க்காரனும் சாப்பிடலாம், சரி, நம் நாக்குக்கு?

அலமாரிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. ஓவியரை ஜப்பான் பக்கமும் பட்லரை ஆங்கிலப் பக்கமும் வைக்கலாமா என்று கேட்டதற்கு நண்பர் அடிக்க வந்துவிட்டார். இப்போதைக்கு இரண்டையும் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன், எது முதலில்?

மழைநாள்:
ஓவியர்.