தினம் 400 கிராம் காய், 100 கிராம் பழம்: வாங்க முடியவில்லையா, வாங்குவதில்லையா?

தராசுத்தட்டு:
ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு நாளொன்றுக்குக் கீரையும் சேர்த்து 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் என்கிறது. உலக சுகாதார நிறுவனம் கேட்பது அதைவிடக் குறைவு, இரண்டும் சேர்த்து 400 கிராம். 2017-18இல் நடந்த தேசிய தொற்றா நோய்க் கண்காணிப்பு ஆய்வில் 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் 98.4 சதவீதம் பேர் இந்தக் குறைந்த அளவைக்கூட எட்டவில்லை. நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தேறவில்லை!

உடனே எல்லோரும் விலையைச் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காரும் ஏசியும் உள்ள வீடுகளும் அந்த 98க்குள்தான் இருக்கின்றன. தட்டைப் பாருங்கள், சோறு குவியலாக இருக்கும், பொரியல் ஓரத்தில் ஒரு கரண்டி. எங்கள் வீட்டில் நறுக்கிய காயை எடை போட்டுப் பார்த்தேன். நான்கு பேருக்கு மதியச் சாம்பார், பொரியல் இரண்டுக்குமாக அரைக் கிலோதான் வந்தது. ஆளுக்கு 125 கிராம். ராத்திரி தோசை, சட்னி. மீதி எங்கிருந்து வரும்?

வைகைக்கரை:
உங்கள் வீட்டுத் தட்டை வைத்து நாட்டை அளக்காதீர்கள் நண்பரே. கணக்குப் போடலாம். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 48 கிலோ காய், 12 கிலோ பழம் வேண்டும். காய் கிலோ 40, பழம் கிலோ 80 என்று வைத்தாலும் 2880 ரூபாய். தோல், காம்பு, விதை எல்லாம் கழித்த எடை அது என்பதால் வாங்கும்போது இன்னும் கூடும்.

2022-23 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் இந்தியக் கிராமங்களில் ஒருவரின் மாதச் செலவு 3773 ரூபாய். அதில் காய்கறிக்குப் போவது 5.38 சதவீதம், அதாவது சுமார் 203 ரூபாய். நாளுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றார்களே, ஞாபகம் இருக்கிறதா? விலை பிரச்சினையே இல்லை என்றால் அரசு எதற்குத் தக்காளி விற்க வேண்டும்?

பல நாடுகளில் நடந்த ப்யூர் ஆய்வு 2016இல் இதைத்தான் சொன்னது. தினம் ஆளுக்கு இரண்டு பங்கு (ஒரு பங்கு என்பது ஒரு தடவை பரிமாறும் அளவு) பழமும் மூன்று பங்கு காயும் வாங்க, இந்தியா உள்ளிட்ட குறைந்த வருமான நாடுகளில் குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல், 52 சதவீதம், போய்விடும். பணக்கார நாடுகளில் அது 2 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

தராசுத்தட்டு:
இல்லாதவர்கள் இருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே கணக்கெடுப்பை முழுசாகப் படியுங்கள். கிராமத்தில் காய், பழம் இரண்டுக்கும் சேர்த்து 9.09 சதவீதம். பானங்கள், பதப்படுத்திய உணவு வகைக்கு 9.62. நகரத்தில் அது 10.64. தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஒருவரின் மாதச் செலவு 5310 ரூபாய், நான்கு பேருக்கு 21,240. நீங்கள் சொன்ன 2880 அதில் ஏழில் ஒரு பங்குக்கும் கீழே. பணம் இருக்கிறது, அது பிஸ்கட்டுக்கும் குளிர்பானத்துக்கும் போகிறது. ஆப்பிளும் கிவியும் யார் கேட்டார்கள்? கொய்யா, பப்பாளி, வாழைப்பழம் போதும்.

வைகைக்கரை:
அந்த 9.62இல் டீக்கடை டீயும் வெளியே வாங்கிச் சாப்பிடும் சாப்பாடும் அடங்கும். காலையிலேயே கட்டட வேலைக்குப் போகிறவர் மதியம் மெஸ்ஸில் சாப்பிடுகிற அளவுச் சாப்பாடு அந்தக் கணக்கில்தான் வருகிறது. அதைப் பிஸ்கட் என்று எழுதாதீர்கள். அந்தச் சாப்பாட்டில் எவ்வளவு காய் இருக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். சராசரிக்குக் கீழே இருப்பவரிடம் போய் 5310 செலவு செய்கிறாய் என்று சொல்லவும் முடியாது.

இரவுப்பணி:
மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் வாங்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள். நறுக்குவது யார்? வேலைக்குப் போய்விட்டு வந்து ஒரு கட்டு முருங்கைக்கீரையை உருவி, அலசி, சமைத்துப் பாருங்கள். நான்கு பேருக்கு ஒன்றரைக் கிலோ காய் என்றால் தினமும் அந்த வேலை மும்மடங்காகும். அது வீட்டில் ஒரே ஆளின் தலையில்தான் விழும். அந்த ஆள் கடைசியாகச் சாப்பிட உட்காரும்போது பொரியல் சட்டி காலி, குழம்பின் அடியும் சோறும்தான் மிச்சம். தராசுத்தட்டு அண்ணா, உங்கள் 125 கிராம் வீட்டில் எல்லோருக்கும் சமமாகப் போகிறதா என்று எடை போட்டீர்களா?

அந்த 98.4 பற்றியும் ஒன்று. இந்த மாதிரி ஆய்வுகளில் வாரத்தில் எத்தனை நாள், நாளைக்கு எத்தனை பங்கு என்று கேட்பார்கள். சமைத்த காய் அரைக் கப் ஒரு பங்கு. சாம்பாரில் கரைந்த தக்காளியையும் வெங்காயத்தையும் யாரால் கப்பில் சொல்ல முடியும்? கொஞ்சம் விட்டுப்போயிருக்கும். ஆனாலும் பெரிய மாற்றம் வராது. எங்கள் வார்டில் சர்க்கரை நோயாளிகளிடம் நேற்று என்ன காய் சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் உருளைக்கிழங்கு என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உருளை, சர்க்கரைவள்ளி, மரவள்ளி எதுவும் சேராது.

கொய்யாத்தோப்பு:
அப்படியானால் இலக்கே தப்பு என்கிறேன். அதே ப்யூர் ஆய்வு 2017இல் சொன்னது, காய், பழம், பருப்பு வகை மூன்றும் சேர்த்து நாளைக்கு மூன்று நான்கு பங்கு, அதாவது 375 முதல் 500 கிராம் வரைதான் பலன் நன்றாகத் தெரிகிறது என்று. அதில் பருப்பும் உண்டு, கவனியுங்கள். யாராலும் எட்ட முடியாத எண்ணைச் சொன்னால் மக்கள் முழுசாகக் கைவிட்டுவிடுவார்கள்.

இரவுப்பணி:
எண்ணைக் குறைத்தால் தட்டில் அந்த இடத்துக்கு என்ன வரும்? சோறுதான். நம் கலோரியில் 50 முதல் 70 சதவீதம் தானியத்திலிருந்தே வருகிறது, அதை 45க்குள் கொண்டுவர வேண்டும் என்பதற்காகத்தான் காய்க்கு அவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தினமும் 100 கிராம் சாப்பிடுகிறவர் 200க்கு வந்தால்கூட நான் சந்தோஷப்படுவேன். அதற்காக 400 என்பதை 200 என்று திருத்தி எழுதச் சொல்ல மாட்டேன்.

வைகைக்கரை:
செவிலியர் அக்கா சொன்னது சரி. அப்புறம் ஏன் ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய், காய் மட்டும் இல்லை? சோறும் எண்ணெயும் மலிவாகவும் காய் சந்தை விலையிலும் இருந்தால் தட்டு அப்படித்தான் நிரம்பும். 1999இல் மதுரையில் உழவர் சந்தை ஆரம்பித்தோம். அங்கே காய் வியாபாரம் பெரும்பாலும் காலையிலேயே முடிந்துவிடுகிறது, கூலி வேலைக்காரர் வீடு திரும்புவது சாயங்காலம். அந்தச் சந்தை மாலையிலும் நடக்கட்டும், பிறகு பழக்கத்தைப் பற்றிப் பேசலாம்.

தராசுத்தட்டு:
மாலைச் சந்தைக்கு நானும் கை தூக்குகிறேன். ஆனால் சந்தையே வாசலுக்கு வந்த வீடுகளும் ஒரு கரண்டிப் பொரியலோடு நிறுத்துவதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அக்கா கேட்ட கேள்விக்கு என் பதில்: இனி எங்கள் வீட்டில் காய் நறுக்குவது நான், பரிமாறும்போது தட்டுத் தட்டாக எடை போடுவதும் நான்.