கொலிஜுக்குக் காசு கட்டுமுன்: அந்தப் பாடத்துக்கு ஆலோசனை சொல்பவர்கள் யார்?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்குப் புதிதாக வருபவர்கள் எல்லாரும் கேட்பது, "எந்தக் கொலிஜில் என்ன படித்தால் வேலை எடுக்கலாம்?" என்பதுதான். மாமா ஒன்று சொல்வார், ஏஜென்ட் வேறொன்று சொல்வார். ஏஜென்டுக்குக் கமிஷன் கொலிஜிலிருந்து வருகிறது என்பதையும் மறக்க வேண்டாம். நான் சொல்வது: அந்தக் கற்கைநெறியின் ஆலோசனைக் குழுவைப் பற்றி விசாரியுங்கள்.

இங்கே 24 அரச கொலிஜ்கள் இருக்கின்றன. (அவற்றில் முதலில், 1966இல், திறந்தது நம்மவர்கள் நிறைந்த ஸ்காபரோவில் உள்ள சென்ரெனியல்.) ஒவ்வொரு கற்கைநெறிக்கும், அல்லது ஒரே துறைக் கற்கைநெறிகள் சிலவற்றுக்குச் சேர்த்து, வெளியாட்களைக் கொண்ட ஒரு குழு இருந்தே ஆகவேண்டும் என்பது மாகாண அமைச்சின் கட்டாய உத்தரவு. புரோகிராம் அட்வைசரி கமிட்டி என்று கேட்டால் கொலிஜில் விளங்கிக்கொள்வார்கள்.

குழுவில் வேலை கொடுப்பவர்களும் அந்தத் துறையில் வேலை செய்பவர்களும் இருப்பார்கள். அண்மையில் படித்து முடித்த ஓரிருவரும், சில இடங்களில் இப்போது படிக்கும் மாணவரும் இருப்பதுண்டு. சம்பளம் கிடையாது. வருடத்துக்கு ஓரிரு முறை கூடுவார்கள். கொலிஜின் துறைத் தலைவரான டீனும், அந்தக் கற்கைநெறிக்குப் பொறுப்பான கோ-ஆர்டினேட்டரும் பக்கத்தில் இருந்து குறிப்பெடுப்பார்கள்.

பேசுவதெல்லாம் வேலைத்தல விஷயம்தான். "இந்த மென்பொருளை நாங்கள் கைவிட்டு எத்தனை காலம், இன்னும் இதையா படிப்பிக்கிறீர்கள்?" என்று ஒரு கணக்காளர் கேட்பார். "உங்கள் பிள்ளைகளுக்கு வயரிங் தெரிகிறது, வாடிக்கையாளர் வீட்டுக் கதவைத் தட்டிப் பேசத் தெரியவில்லை" என்பார் ஹீட்டிங் கம்பனி நடத்துபவர். லாபுக்கு என்ன மெஷின் வாங்குவது, கோ-ஆப் (படிப்பின் பகுதியாக நிறுவனத்தில் செய்யும் வேலை) எத்தனை மாதம் வைப்பது, புதிதாக ஒரு டிப்ளோமா தொடங்கினால் ஆட்களை எடுக்க யாராவது இருக்கிறார்களா என்பதெல்லாம் அங்கே அடிபடும். குழு சொல்வது ஆலோசனை மட்டும், முடிவு கொலிஜின் கையில். ஆனாலும் குழு உயிரோடு இருக்கும் பாடத்துக்கும் பெயருக்குக் கூடும் குழுவின் பாடத்துக்கும் உள்ள வித்தியாசம் மாணவருக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும்.

சரி, எப்படி விசாரிப்பது? கொலிஜைப் பார்க்க எல்லாரையும் அழைக்கும் ஓப்பன் ஹவுஸ் நாளில் கோ-ஆர்டினேட்டரைப் பிடியுங்கள், முடியாவிட்டால் ஈமெயில் போடுங்கள். குழுவில் எந்தெந்த நிறுவனத்தார், கடைசியாகக் கூடியது எப்போது, அவர்கள் சொல்லி அண்மையில் பாடத்தில் மாறியது என்ன என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். உற்சாகமாக நாலு உதாரணம் சொன்னால் நல்லது. கூட்டக் குறிப்பைக் காட்டச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். பிறகு அந்த நிறுவனங்களை லிங்க்ட்இனில் தேடி, அந்தக் கொலிஜில் படித்தவர்கள் அங்கே வேலை செய்கிறார்களா என்று பாருங்கள்.

கொலிஜ்கள் வெளியிடும் வேலைவாய்ப்பு வீதத்தையும் பார்க்கலாம், ஆனால் கவனம். படித்து முடித்து ஆறு மாதத்தில் கோப்பிக் கடையில் நின்றாலும் அதில் வேலைதான். படித்த துறையிலேயே வேலை எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று தனியாகக் கேளுங்கள்.

எல்லாப் பாடத்துக்கும் இந்த அளவுகோல் பொருந்தாது. தாதியர் படிப்பில் ஒழுங்குமுறை அமைப்பின் விதிகளே பெரிது. வேலை செய்துகொண்டே தொழில் பழகும் அப்ரென்டிஸ் பயிற்சியில் ஸ்கில்ட் டிரேட்ஸ் ஒன்ராறியோ என்ற மாகாண அமைப்பு வகுக்கும் தரம் இருக்கிறது. அங்கே குழுவின் குரலுக்கு இடம் குறைவு. அப்புறம், பிளாசாக்களில் காணும் தனியார் கரியர் கொலிஜ்களுக்குச் சட்டமே வேறு. மேலே சொன்ன உத்தரவு அரச கொலிஜ்களுக்கானது.

ஸ்டடி பெர்மிட்டில் வருபவர்கள் முதலில் குடிவரவு விதியைப் பாருங்கள். 2024 நவம்பர் 1 முதல் பெர்மிட்டுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு, டிப்ளோமா போன்ற படிப்புகளில் அரசின் பட்டியலில் உள்ள துறையில் படித்தால்தான் படிப்புக்குப் பிந்திய வேலை அனுமதி. அரச கொலிஜின் பாடத்தைத் தனியார் கொலிஜ் நடத்தும் ஏற்பாட்டில் 2024 மே 15 அல்லது அதன் பின் தொடங்கியிருந்தால் அந்த அனுமதி கிடையாது. இதில் சறுக்கினால் எவ்வளவு நல்ல குழுவும் காப்பாற்றாது.

ஊரில் பத்துப் பதினைந்து வருடம் எஞ்சினியராகவோ கணக்காளராகவோ இருந்துவிட்டு வந்து, இங்கேயும் அதே துறையில் ஓரளவு காலூன்றியவர்களுக்கு ஒன்று: இந்தக் குழுக்களுக்கு ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். நம்மவர்கள் கேட்பதில்லை. உங்கள் துறைக் கோ-ஆர்டினேட்டருக்கு, செய்யும் வேலையைப் பற்றி நாலு வரியும் ரெஸ்யூமேயும் அனுப்பிப் பாருங்கள். அந்த மேசையில் பக்கத்தில் இருப்பவர்கள் உங்கள் துறையில் ஆள் எடுப்பவர்கள். முதல் கூட்டத்திலேயே அவர்களிடம் வேலை மட்டும் கேட்டுவிட வேண்டாம்.