கொட்டலசு ஒட்டாத படகு: விஷம் இல்லாமல் முடியுமா?

காசிமேட்டுப் பெயின்டர்:

தடைக்காலம் முடிய இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத இந்த 61 நாளில்தான் எங்களைப் போன்றவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. கரையேற்றிய படகின் அடியில் மல்லாந்து படுத்து, அங்கே ஓட்டோடு ஒட்டிக்கிடக்கும் கொட்டலசு என்ற சின்னக் கடல் உயிரைச் சுரண்டி, தேய்த்து, பெயின்ட் அடிக்கிறேன். முப்பத்தோரு வருடமாக இதே தொழில். இந்த ஆண்டு ஒன்பது படகு முடிந்திருக்கிறது.

சுரண்டியவர்களுக்குத் தெரியும். ஓடு பெயர்ந்து வந்துவிடும். ஆனால் அடியில் வெள்ளையாக ஒரு வட்டத் தழும்பு அப்படியே தங்கிவிடும். அதை எடுக்க உளி வேண்டும். சில இடங்களில் தழும்பு வராது, அதற்கு அடியில் இருக்கும் ஃபைபர் பூச்சு பெயர்ந்து வந்துவிடும். பூச்சை விடப் பசை உறுதி!

என் மகள் கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டுரையைப் படித்துக் காட்டினாள். கொட்டலசின் பசையைப் பார்த்து, ரத்தம் கொட்டுவதை நிறுத்தும் மருந்து செய்கிறார்களாம். பாறையில் ஒட்டும் சிப்பி வகையான ஆழியின் பசையைப் பார்த்தும் என்னென்னவோ செய்கிறார்களாம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று கேள்விகள் இருக்கின்றன.

நான் வாங்கும் ஒவ்வொரு பசை டப்பாவிலும் 'ஈரமில்லாத பரப்பில் பூசவும்' என்று போட்டிருக்கிறது. இந்தச் சின்ன உயிர் தண்ணீருக்குள்ளேயே இருந்துகொண்டு எப்படி ஒட்டுகிறது?

எப்படி ஒட்டுகிறது என்று தெரிந்துவிட்டால், ஒட்டாமல் இருக்கவும் வழி தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? நாங்கள் அடிப்பது செம்பு கலந்த பெயின்ட். பழைய பூச்சைத் தேய்க்கும்போது சிவப்புத் தூள் பறக்கிறது. முகத்தில் கட்டிய துண்டை மாலையில் அலசினால் செம்மண் தண்ணீர் போல ஓடுகிறது. மழை பெய்தால் அந்தத் தூளெல்லாம் துறைமுகத் தண்ணீருக்குப் போகிறது. அந்தக் கல் ஓரத்தில்தான் எங்கள் தெருப் பிள்ளைகள் நண்டு பிடிக்கிறார்கள். விஷம் இல்லாத வழி ஏதாவது வந்திருக்கிறதா?

மூன்றாவது, எண்ணூர் ஆற்றில் பரவியிருக்கும் காக்கா ஆழி. என் தங்கையை அந்த ஆற்றோரக் காட்டுக்குப்பத்தில் கொடுத்திருக்கிறோம். அங்கே போகும்போதெல்லாம் இதே பேச்சுத்தான். அதை அகற்ற அறிவியலில் வழி உண்டா?

பழைய வண்ணாரப்பேட்டை ஆய்வு மாணவி:

ஐயா, என் ஆய்வுப் படிப்பே பசைகளைப் பற்றித்தான். முதல் கேள்வியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நனைந்த பலகையின் மேல் மிக மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். கடைப் பசை அந்தப் படலத்தின் மேல் உட்கார்ந்துகொள்கிறது, பலகையைத் தொடுவதே இல்லை. ஆழியும் கொட்டலசும் முதலில் அந்த நீரை விலக்குகின்றன. விலக்கும் விதம்தான் வேறு வேறு.

ஆழி நாக்கு போன்ற பாதத்தை ஓட்டுக்கு வெளியே நீட்டி இடத்தைத் தடவிப் பார்க்கும். பிடித்துவிட்டால் பாதத்தை அழுத்திக்கொண்டு, அதன் அடியில் கடல்நீரை விட அமிலத்தன்மை கூடிய சிறு குழியை உண்டாக்கி, அதற்குள் புரதத்தைச் சுரக்கும். சில நிமிடங்களில், அது பற்றிக்கொள்ளும் ஒரு நூல் தயாராகிவிடும். அந்தப் புரதத்தில் டோப்பா என்ற அமினோ அமிலம் இருப்பதை அமெரிக்க ஆய்வாளர் ஹெர்பர்ட் வெய்ட் 1981-இல் வெளியிட்டார். நீரைத் தள்ளிவிட்டுப் பாறையின் தாதுக்களைப் பற்றிக்கொள்வது இந்த டோப்பாதான். இரும்போடு சேர்ந்து நூலின் மேல்தோலை உறுதியாக்குவதும் இதுவே.

இதன் நெருங்கிய உறவு உங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுத்துப் போகிறதே, அதற்கு முக்கியக் காரணம் அதில் உள்ள டோபமைன் காற்றுப் பட்டு மாறுவது. அமெரிக்க ஆய்வாளர் ஃபிலிப் மெசர்ஸ்மித்தின் குழு 2007-இல் இதே டோபமைனை லேசான காரத்தன்மையுள்ள தண்ணீரில் கரைத்துப் பொருள்களை முக்கி வைத்தது. கண்ணாடி, உலோகம், எதுவுமே ஒட்டாத டெஃப்லான் உட்பட எல்லாவற்றின் மேலும் கறுத்த மெல்லிய படலம் படிந்தது. அந்தப் படலத்தின் மேல் மற்றவற்றை ஒட்டவைக்கலாம். ஆழியிடமிருந்து கற்ற பாடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கொட்டலசின் கதை வேறு. ஓட்டைப் பார்த்துச் சிப்பி இனம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. சார்லஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள் இதையே ஆராய்ந்தார். இதன் கடைசிப் பருவக் குஞ்சு எதுவும் சாப்பிடாது. அதன் ஒரே வேலை இடம் தேடுவது. உணர்கொம்புகளால் பரப்பின் மேல் நடந்து பார்த்து, பிடித்த இடத்தில் தலைகீழாக நின்று தலையை ஒட்டிக்கொள்ளும். பிறகு வாழ்நாள் முழுவதும் கால்களால் உணவை வாரிக்கொள்ளும். ஒட்டும்போது முதலில் எண்ணெய்த் தன்மையுள்ள துளிகளை விட்டு நீரை ஒதுக்கும். அதன் பிறகே புரதப் பசை வரும்.

உங்கள் மகள் படித்தது அநேகமாக இதைத்தான் இருக்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் சுவான்ஹே ஜாவோவின் குழு 2021-இல் இந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டது. ஒட்டும் பொடியை எண்ணெயில் குழைத்துக் களிம்பாக்கினார்கள். காயத்தில் வைத்து அழுத்தினால் எண்ணெய் ரத்தத்தை ஒதுக்குகிறது, பொடி திசுவைப் பிடிக்கிறது. எலிகளிலும் பன்றிகளிலும் அரை நிமிடத்துக்குள் ரத்தப்போக்கு நின்றது.

இரண்டாவது கேள்விக்கும் எண்ணெயிலிருந்தே பதில் தொடங்குகிறது. என் அம்மா வாழைக்காய் நறுக்குவதற்கு முன் கறை படியாமல் இருக்க உள்ளங்கையில் எண்ணெய் தடவிக்கொள்வார். ஹார்வர்டில் ஜோவான்னா ஐசன்பர்க்கின் குழு, பூச்சிகளை வழுக்கி விழவைக்கும் குடுவைத் தாவரத்தைப் பார்த்து, எண்ணெயைப் பிடித்துவைக்கும் பரப்புகளை 2011-இல் செய்தது. 2017-இல் அவர்களும் சிங்கப்பூர் ஆய்வாளர்களும் சேர்ந்து, சிலிகோனில் எண்ணெயை ஊறவைத்து அதன் மேல் பச்சை ஆழிகளை விட்டார்கள். நம் கடற்கரையில் கிடைக்கும் அதே இனம்தான். ஆழி பாதத்தை நீட்டியது, தடவியது. ஆனால் நூல் விட வேண்டிய இடமாக அதை உணரவில்லை. விட்ட நூல்களும் எளிதில் கழன்றன. இதில் விஷம் எதுவும் இல்லை. எண்ணெய் காலப்போக்கில் குறைந்துபோகும் என்பது இதன் குறை.

ஓய்வுபெற்ற குளிர்நீர்ப் பிரிவு ஊழியர், திருவொற்றியூர்:

ஒரு மின்நிலையத்தின் கடல்நீர்க் குழாய்ப் பகுதியில் 26 ஆண்டுகள் இருந்தேன். பெயின்டர் தம்பி படகின் வெளியே சுரண்டுகிறார், நாங்கள் குழாயின் உள்ளே சுரண்டினோம். கடல்நீரை உள்ளிழுக்கும் மின்நிலையம் எதுவாக இருந்தாலும் இந்தத் தலைவலி உண்டு. கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கடலடிச் சுரங்கத்தில் பச்சை ஆழி அடைத்துக்கொண்டது பற்றி விஞ்ஞானிகள் நிறைய எழுதியிருக்கிறார்கள்.

குளோரின் விடுவோம். குளோரின் வந்த உடனே ஆழி ஓட்டை இறுக மூடிக்கொள்ளும். அப்படியே நாள்கணக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும்! நிறுத்தியதும் திறந்து சாப்பிடத் தொடங்கிவிடும். அதனால்தான் பிற்காலத்தில் விட்டுவிட்டு மருந்து செலுத்தும் முறை வந்தது: அது திறந்து மூச்சுவிடும் நேரத்தைக் கணக்கிட்டு அடுத்த தவணை. உயிரின் பழக்கத்தைப் படித்ததால் மருந்தின் அளவு குறைந்தது. அந்தக் கணக்கை முதன்முதலில் புரிந்துகொண்ட நாள் இன்னும் நினைவிருக்கிறது.

விஷத்தைப் பற்றித் தம்பி கவலைப்படுவது முழுக்க நியாயம். 1960-களிலிருந்து டிரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயின்ட் உலகக் கப்பல்களையெல்லாம் பிடித்துக்கொண்டது. அதைப் போலக் கொட்டலசைத் தடுத்தது வேறு எதுவும் இல்லை. பிறகு பார்த்தால் பிரான்ஸில் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி ஓடுகள் கோணலாக வளர்ந்தன, குஞ்சு பிழைக்கவில்லை. கடல் நத்தைகளில் பெண்ணுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. பிரான்ஸ் 1982-இல் சிறு படகுகளுக்குத் தடை போட்டது. உலகம் முழுவதற்குமான ஒப்பந்தம் 2001-இல் உருவாகி 2008 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு எல்லோரும் செம்புக்குத் திரும்பினார்கள். செம்பு அந்த அளவுக்குக் கொடியது இல்லை. ஆனால் மாணவி சொன்னதை நினைத்துப் பாருங்கள்: கொட்டலசுக் குஞ்சும் இறால் குஞ்சும் உறவு. ஒன்றைக் கொல்லும் செம்பு மற்றதை விட்டுவிடும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

விஷமில்லாத சிலிகோன் பூச்சு பெரிய கப்பல்களில் ஏற்கெனவே இருக்கிறது. அதில் கொட்டலசு ஒட்டும். கப்பல் வேகமாக ஓடும்போது நீரின் இழுப்பில் உதிர்ந்துவிடும். நம் படகுகளோ நாள்கணக்கில் கட்டிக் கிடப்பவை. அந்தப் பூச்சு மென்மையானது. பக்கத்துப் படகு உரசினாலே கிழியும். விலையும் அதிகம்.

காட்டுக்குப்பத்துக்காரி:

பெயின்டர் அண்ணா, உங்கள் தங்கை யார் என்று ஓரளவு ஊகித்துவிட்டேன், கேட்கவில்லை.

எங்கள் ஊர்ப் பெண்கள் ஆற்றில் உட்கார்ந்து, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்போம். பத்து வயதில் அம்மாவோடு இறங்கினேன். சேறு என்றால் வெண்ணெய் மாதிரி இருக்கும், விரலுக்கு இறால் தட்டுப்படும், மஞ்சள் மட்டி தட்டுப்படும். இப்போது கையை வைத்தால் பாய் விரித்தது போலக் காக்கா ஆழி. ஒன்றோடொன்று நூலால் பின்னிக்கொண்டு சேற்றையே மூடிவிட்டது. அடியில் இருந்த மட்டி மூச்சுமுட்டிச் செத்துவிட்டது. இறால் புதைய இடமில்லை. காலை வைத்தால் கீறுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆறே கறுத்தபோதுகூட, இது ஒருநாள் கழுவிப் போகும் என்று நினைத்தோம். காக்கா ஆழி கழுவிப் போகவில்லை.

மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எந்த மருந்தையும் ஆற்றில் ஊற்றலாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை ஆய்வு மாணவி:

அக்கா, சொல்லமாட்டேன். குளோரின் கதை குழாய்க்குத்தான், ஆற்றுக்கு இல்லை.

காக்கா ஆழி தென் அமெரிக்கக் கடற்கரைகளைச் சேர்ந்த இனம். கப்பல்கள் சாயாமல் இருக்க உள்ளே நிரப்பிக்கொள்ளும் சமநிலை நீரோடு வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. அந்த நீரைச் சுத்திகரித்த பிறகே வெளியேற்ற வேண்டும் என்ற உலக ஒப்பந்தம் 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. உப்பு ஏறினாலும் குறைந்தாலும் தாங்கும் இனம் என்பதால் உங்கள் கொசஸ்தலையாற்று வெள்ளத்துக்கும் அசையவில்லை.

ஆழி தானே பிடியை விடும் விதத்தை 2023-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மேத்யூ ஹாரிங்டனின் குழு விளக்கியது. நூல் கற்றையின் வேரை உடம்போடு பிடித்திருப்பது மிக நுண்ணிய, அசையும் மயிரிழைகள். செரோட்டோனின், டோபமைன் என்ற வேதித் தூதுகளால் அந்தப் பிடி தளரும், இறுகும். அழகான கண்டுபிடிப்பு, ஆனால் உங்கள் சேற்றுக்கு இது மருந்தாகாது. அங்கே இன்றைக்கு ஆகக்கூடிய வேலை வாரி எடுப்பதும், எடுத்ததைத் திரும்ப ஆற்றோரத்தில் கொட்டாமல் இருப்பதும், சேறு மீள்கிறதா என்று உங்களைப் போன்றவர்களின் கையைக் கொண்டே அளப்பதும்தான். எந்த இடத்தில் எப்போது மட்டி குறைந்தது என்று உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்தக் கருவிக்கும் தெரியாது.

பெயின்டர் ஐயா, உங்களால் ஒரு சோதனை செய்ய முடியும். ஆய்வுக்கூடங்களும் இதே முறையில்தான் தொடங்குகின்றன. ஒரே அளவில் நான்கு ஃபைபர் துண்டு எடுங்கள். ஒன்றை வெறுமையாக விடுங்கள். ஒன்றில் உங்கள் செம்பு பெயின்ட். ஒன்றில் ஜன்னல் இடுக்கு அடைக்கும் சிலிகோன். ஒன்றில் அதே சிலிகோனைப் பூசி, காய்ந்ததும் சிலிகோன் எண்ணெயில் இரண்டு நாள் ஊறவையுங்கள். ஒரே கயிற்றில், ஒரே ஆழத்தில் தொங்கவிட்டு, வாரம் ஒரு முறை எண்ணுங்கள்.

காசிமேட்டுப் பெயின்டர்:

எல்லோருக்கும் நன்றி. நண்டின் உறவு என்று தெரிந்த பிறகு அதைச் சுரண்டும்போது கை ஒரு நொடி தயங்குகிறது.

துண்டு நான்கையும் மே 30 அன்று இறக்கினேன். இன்று இருபத்தோராம் நாள். வெறும் ஃபைபரில் எண்ணி முடியவில்லை, மகள் 140-க்கு மேல் விட்டுவிட்டாள். செம்பில் ஒன்றுகூட இல்லை. வெறும் சிலிகோனில் 52. எண்ணெய் ஊறியதில் 17.

ஆனால் எண்ணிக்கையை விட நான் சொல்ல வேண்டியது வேறு. சிலிகோன் துண்டில் இருந்ததைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளினேன். வந்துவிட்டது. உளி இல்லை, சிவப்புத் தூள் இல்லை. அடியில் அந்த வெள்ளை வட்டம் இல்லவே இல்லை. முப்பத்தோரு வருடத்தில் தழும்பு இல்லாமல் ஒரு கொட்டலசு கழன்று வந்ததை இன்றுதான் பார்த்தேன்.

உரசலில் கிழியும் என்று திருவொற்றியூர் ஐயா சொன்னது சரி. துண்டின் ஒரு ஓரம் கல்லில் பட்டு ஏற்கெனவே உரிந்திருக்கிறது. படகின் பக்கவாட்டுக்கு இது ஆகாது. சுக்கானும், தண்ணீருக்கு அடியிலேயே இருக்கும் நடு அடிப்பகுதியும் உரசாதவை. எங்கள் தெருவில் ஒரு ஃபைபர் படகுக்காரர் தன் சுக்கானைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மாணவி அம்மா, எண்ணெய் ஊறவைக்க அவ்வளவு பெரிய தொட்டி என்னிடம் இல்லை. எண்ணெயைச் சிலிகோனோடு முன்பே கலந்து பூசினால் காயுமா? எவ்வளவு கலக்க வேண்டும்?